பழைய டேப் ரெக்கார்டரில் இரைச்சலா? ஹெட்டை மாற்றுவதற்கு முன்னால்

பரணில் கிடந்த டூ-இன்-ஒன்னையோ (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது) கேசட் டெக்கையோ (தனி ஆம்ப்ளிஃபையரோடு இணைப்பது) இறக்கித் துடைத்து ஓடவிட்டதும் இரைச்சல் வந்தால், "ஹெட் போயிடுச்சு, மாத்தணும்" என்று வீட்டில் யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். பெரும்பாலும், நாடாவை உரசி ஒலியைப் படிக்கும் அந்த ஹெட் போயிருக்காது. ஹெட்டில் ஒட்டிய அழுக்கு, கறுத்துப்போன சுவிட்ச், வறண்டுபோன கண்டென்சர், பக்கத்தில் செருகியிருக்கும் செல்போன் சார்ஜர், அதுவும் இல்லையென்றால் கேசட்டே. பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

தாத்தா பேசியது, சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பதிந்த பாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம் என்று ஒரு பெட்டி நிறையக் கேசட் வைத்திருப்பவர்களுக்கு, அவற்றைக் கணினிக்கு மாற்றும்போதுதான் இந்தத் தொல்லை முழுதாகத் தெரியவரும். எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒருவர், காதையும் கொஞ்சம் பொறுமையையும் வைத்தே இதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் தேட வேண்டியது, இரைச்சல் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்பதைத்தான். அது என்ன இரைச்சல், எந்த உதிரி பாகத்தை மாற்றுவது என்பதெல்லாம் அப்புறம்.

குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தால் உடனே குழாயை மாற்றமாட்டோம். மாடித் தொட்டியைத் திறந்து பார்ப்போம். தொட்டி சுத்தமாக இருந்தால் மேட்டூரிலிருந்து வரும் தண்ணீரே கலங்கலா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்போம். ரெக்கார்டரிலும் அதே வழிதான். நாடாவிலிருந்து ஹெட், ஹெட்டிலிருந்து முதல் ஆம்ப்ளிஃபையர், அங்கிருந்து வால்யூம், பிறகு பவர் ஆம்ப்ளிஃபையர், கடைசியில் ஸ்பீக்கர். இந்த வரிசையில் ஓரிடத்தை அடைத்துப் பார்த்தால், இரைச்சல் அதற்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும்.

கேசட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை இரைச்சல்?

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது, கையில் எடுத்துப்போய்ப் பேச்சைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவிக்காகத்தான் அதை உருவாக்கியிருந்தது. இசை கேட்பது பின்னால் வந்து சேர்ந்தது. அதனால் எல்லாமே சிக்கனம். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஸ்டீரியோவில் நான்கு தடங்கள். ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.6 மில்லிமீட்டர். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஒலிப்பதிவுக் கூடத்துப் பெரிய ரீல்கள் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் என்பதோடு இதை ஒப்பிட்டால், எவ்வளவு குறைந்த இடத்தில் எவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்பது தெரியும்.

நாடாவின் மேல் பூசியிருப்பது காந்தத் துகள்கள். அவை ஒரே சீராக அடுக்கி வைத்தவை அல்ல. ஒரு நொடியில் ஹெட்டைக் கடக்கும் துகள்கள் குறையக் குறைய, அந்த ஒழுங்கின்மை காதுக்குக் கேட்கத் தொடங்கும். அதுதான் அடியில் ஓடும் "உஸ்ஸ்".

இன்னொரு விஷயம், ஹெட்டிலிருந்து வரும் மின்சாரம் ஒரு மில்லிவோல்ட் கூட இருக்காது. அதைப் பல நூறு மடங்கு பெருக்கினால்தான் பாட்டு. பெருக்குவதும் எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவில் இல்லை. ஹெட்டின் குணப்படி தாழ்ந்த ஒலிகள் மிகச் சன்னமாக வரும் என்பதால், முதல் ஆம்ப்ளிஃபையர் தாழ்ந்த சுருதிகளை மற்றவற்றைவிட அதிகமாகத் தூக்கிவிடும்படி அமைந்திருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதாவது சரியாக அந்தத் தாழ்ந்த பக்கம். எனவே மின்சாரத்திலிருந்து துளி உறுமல் உள்ளே புகுந்தாலும் அது பூதமாகி வெளியே வரும். சிடி பிளேயரில் கேட்காத "ம்ம்ம்" கேசட் டெக்கில் கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் செய்யும் சோதனைகள்

முதலில் வால்யூமை முழுதாகக் குறைத்துவிட்டு ரெக்கார்டரை ஓடவிடுங்கள். ஸ்பீக்கரில் இரைச்சல் அப்படியே இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால் வருவது: பவர் ஆம்ப்ளிஃபையர் அல்லது பவர் சப்ளை. நாடாவுக்கும் ஹெட்டுக்கும் அதில் சம்பந்தமே இல்லை. வால்யூம் இல்லாத தனி டெக் என்றால் ஆம்ப்ளிஃபையரில் வேறு இன்புட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் அதே இரைச்சல் என்றால் டெக் நிரபராதி.

அடுத்து, கேசட் இல்லாமல் ப்ளே அழுத்தி வால்யூமை ஏற்றுங்கள். சில டெக்குகள் கேசட் இல்லாமல் ஓடாது. ஒரு பழைய கேசட்டைத் திறந்து நாடாவை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மூடிப் போட்டால் ஏமாந்து ஓடும். இப்போது வருவது நாடா சம்பந்தமில்லாத இரைச்சல். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நன்றாக இருப்பதாகத் தெரிந்த ஒரு கம்பெனிக் கேசட்டைப் போடுங்கள். கேசட் போட்டதும்தான் இரைச்சல் கூடுகிறது, அதுவும் ஒரு குறிப்பிட்ட கேசட்டில் மட்டும் கூடுகிறது என்றால், ரெக்கார்டரைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

பேட்டரி போடும் வசதி இருந்தால் அதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டால் அது மின்சாரத்தின் வழியாக வந்தது. நிற்கவில்லையென்றால் உள்ளே வேறெங்கோ இருக்கிறது, அல்லது காற்று வழியாக வருகிறது. டூ-இன்-ஒன் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனி டெக்காரர்களைவிட வசதி அதிகம்.

பதிவு செய்யும்போது மட்டும் பிரச்சினை என்றால், புதுக் கேசட்டில் எதையும் இணைக்காமல், பதிவு லெவலைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு நிமிடம் "ஒன்றுமில்லாததைப்" பதியுங்கள். லெவல் குமிழ் இல்லாத டூ-இன்-ஒன்னில் வெளி மைக் துளையில் எதுவும் இணைக்காத மைக் பிளக் ஒன்றைச் செருகினால் உள் மைக் துண்டிக்கப்படும். பிறகு பதிந்த இடத்தையும் பதியாத இடத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பதிந்த இடத்தில் சீறல் கொஞ்சம் கூடுவது இயல்பு. சட்டென்று பெரிதாகக் கூடினால் பதிவு செய்யும் பகுதியில் கோளாறு.

உறுமல்

"ம்ம்ம்" என்று மிருதுவாக வருவதும் "உர்ர்ர்" என்று முரட்டுத்தனமாக வருவதும் வேறு வேறு. முதலாவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். காந்தப் புலமாக ஹெட்டுக்குள் நேரடியாகப் புகுந்ததாகவோ எர்த் வழியாகச் சுற்றி வந்ததாகவோ இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும் கலந்தது. பவர் சப்ளையில் உள்ள பெரிய ஃபில்டர் கண்டென்சர் வறண்டுபோனால் இப்படி வரும். நாற்பது வருடம் பரணில் வெந்த ரெக்கார்டரில் அது வறண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கண்டென்சர் சில ரூபாய்ச் சமாச்சாரம்தான். ஆனால் மின்சாரப் பக்கத்தைத் திறப்பது பழகாத கைக்கு வேண்டாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

காந்தப் புலமா என்று பார்க்க, ரெக்கார்டரைக் கையில் தூக்கி அப்படியும் இப்படியும் திருப்புங்கள். திருப்பத் திருப்ப உறுமல் கூடிக் குறைந்தால் பக்கத்தில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபையர் மேல் டெக்கை அடுக்கி வைப்பது பார்க்க அழகு; அடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் நேராக மேலே இருக்கும் ஹெட்டுக்குள் உறுமும். ஒன்றரை அடி தள்ளி வைத்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் இதே வகை.

கணினியோடு இணைத்தபோதுதான் உறுமல் தொடங்கியது என்றால், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சட்டென்று அமைதியாகிவிட்டால் அது எர்த் வளையம். இரண்டு கருவிகளும் வெவ்வேறு பாதையில் எர்த்தைத் தொட்டுக்கொண்டு, நடுவில் ஆடியோ ஒயரும் அவற்றை இணைக்கும்போது, அந்த வளையத்தில் மின்சாரம் ஓடி உறுமலாகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். போதவில்லையென்றால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போடலாம். கார் ஸ்டீரியோ கடையிலேயே கிடைக்கும். சிலர் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து "சரிசெய்வார்கள்". உறுமல் போகும், கூடவே உயிருக்கான பாதுகாப்பும் போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மின்சாரம் போனதும் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "ஸ்ர்ர்ர்" என்று அடித்தால் ரெக்கார்டர் மேல் பழி வேண்டாம். மலிவான இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. அதன் கூர்மையான முனைகள் எல்லாம் இரைச்சலாகக் கேட்கும். ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பு, சார்ஜர் ஆகியவையும் அப்படித்தான். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பழைய 2ஜி போன் பக்கத்தில் இருந்தால் அழைப்பு வருவதற்குச் சற்று முன்பே "டிடிக்-டிடிக்-டிடிக்" என்று ரெக்கார்டர் சொல்லிவிடும். சேலத்தில் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் தெருக்களில் மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் "பட்" என்று ஓர் அடி விழலாம். அடுத்த வீட்டு மிக்சி ஓடும்போது வரும் "கர்ர்ர்" எல்லா ஊருக்கும் பொது. இவற்றுக்கு நடைமுறையில் ஒரே வைத்தியம், தறி நின்ற நேரமாகப் பார்த்துக் கேசட்டை மாற்றுவது.

கரகரப்பு, ஊளை, ஒரு பக்கம் மட்டும் வராமல் போவது

அதிகம் கண்ணில் படும் கோளாறு இதுதான், எளிதில் சரியாவதும் இதுதான். பழைய ரெக்கார்டருக்குள் ரெக்கார்ட் பொத்தானோடு சேர்ந்து நகரும் நீளமான ஒரு சுவிட்ச் உண்டு. ஒரே ஹெட்டைப் பதியவும் கேட்கவும் பயன்படுத்துவதால், ரெக்கார்ட் அழுத்தியதும் டஜன் கணக்கான இணைப்புகளை ஒரே தள்ளலில் மாற்றிப்போடுவது இதன் வேலை. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள். வருடக்கணக்கில் நகராமல் கிடந்தால் அவை கறுத்துவிடும். விளைவு விதவிதமாக இருக்கும். இடது பக்கம் வராது, தட்டினால் வரும், கரகரக்கும், சில நேரம் பதிவுப் பகுதியும் கேட்கும் பகுதியும் அரைகுறையாக இணைந்து "ஊஊ" என்று ஊளையிடும். ஊளையைக் கேட்டுவிட்டு ஐசி என்ற சிப் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

ஒயரைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அந்தச் சுவிட்சின் இடுக்கில் கொஞ்சமாக அடித்து, கேசட் போடாமல் ரெக்கார்ட் பொத்தானை இருபது முப்பது தடவை அழுத்தி எடுங்கள். கேசட் இல்லாதபோது ரெக்கார்ட் பொத்தான் இறங்காது. கேசட்டின் முதுகைத் தொட்டுப் பார்க்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டால் இறங்கும். கிளீனர் முழுதாகக் காய்ந்த பிறகுதான் மின்சாரம். வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பும்போது மட்டும் "சரசர" என்றால் அவற்றுக்குள்ளும் இதே மருந்துதான். பெட்ரோல், மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். பெட்ரோல் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். எண்ணெய் தூசியைக் கூட்டி ஆறு மாதத்தில் பழைய நிலையைவிட மோசமாக்கும்.

ஏற்காட்டிலிருந்து வரும் ரெக்கார்டர்களில் இந்தக் கோளாறு இன்னும் கூடுதல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில், சுவிட்ச் தகடுகள் கறுக்காமல் இருந்தால்தான் அதிசயம். அங்கே குளிரில் இருந்த ரெக்கார்டரைக் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இறக்கிச் சேலத்துப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்ததும் போட்டுப் பார்க்காதீர்கள். குளிர்ந்த ஹெட்டின் மேலும், நாடாவை இழுக்கும் மெல்லிய தண்டான கேப்ஸ்டன் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

சீறல்

"உஸ்" என்ற சீறல் ஓரளவு பிறவிக் குணம். அது இல்லாத கேசட்டைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் வழக்கத்தைவிட அதிகம் என்றால் விசாரிக்க வேண்டும்.

முதல் சந்தேகம், லெவல். பதியும்போது லெவல் மீட்டரின் ஊசி மேலே ஏறாமல் சன்னமாகப் பதிந்திருந்தால், கேட்கும்போது வால்யூமை ஏற்றுவோம். பாட்டோடு சீறலும் ஏறும். இதை இப்போது ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது, ஹெட்டில் அழுக்கு. பழுப்பு நிறப் பொடி படிந்தால் உச்ச ஒலிகள் மங்கும். மங்குகிறதே என்று டிரெபிளைத் திருகுவோம். திருகியதும் சீறல் எழும். ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். எனவே முதலில் சுத்தம் செய்யுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு பட்ஸில் தொட்டு ஹெட்டையும் கேப்ஸ்டனையும் பட்ஸ் வெள்ளையாகவே திரும்பும் வரை துடைக்க வேண்டும். கருப்பு ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹாலுக்குப் பதில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பட்ஸ் போதும். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் இறுகும் என்பார்கள். ஹெட்டின் சாய்வை மாற்றும், பக்கத்தில் பெயின்ட் வைத்து அடைத்திருக்கும் ஸ்க்ரூவை, துடைத்துப் பார்ப்பதற்கு முன் தொட வேண்டாம்.

சீறலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருக்கும் டெக்கில் இன்னொரு குழப்பம் உண்டு. 1968-ல் வந்த டால்பி பி, பதியும்போது சன்னமான உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு இறக்கும். இறக்கும்போது நாடாவின் சீறலும் சுமார் 10 டெசிபல் கூடவே இறங்கிவிடும். 1980-ல் வந்த டால்பி சி அதை 20 டெசிபல் வரை கொண்டுபோனது. டால்பியில் பதிந்ததை அது இல்லாத டூ-இன்-ஒன்னில் கேட்டால் கூர்மையாகவும் சீறலோடும் கேட்கும். சாதாரணமாகப் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் போர்வைக்குள்ளிருந்து பாடுவார்கள். வளைகுடாவிலிருந்து வந்த டெக்கில் பதிந்த கேசட்டுகள் உங்களிடம் இருந்தால், பதிந்தவர் எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார் என்று அட்டையில் பாருங்கள். நாடா வகைக்கான டைப் 1 (சாதாரணம்), டைப் 2 (குரோம்) தேர்வும் இப்படித்தான்: குரோம் நாடாவைச் சாதாரண நிலையில் வைத்துக் கேட்டால் தேவையில்லாத கூர்மையும் சீறலும் வரும்.

காலப்போக்கில் ஹெட்டே காந்தமேறிவிடும், அதனால் சீறல் கூடும் என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் இதையே காரணம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. துடைத்துப் பார்த்து, டால்பி பார்த்து, அதற்கப்புறம் வரலாம். காந்தம் நீக்கும் கருவியைப் பயன்படுத்தும்போது ரெக்கார்டரை அணைத்துவிட வேண்டும். கேசட்டுகள் அறையிலேயே இருக்கக்கூடாது. கருவியை மூன்றடி தள்ளி நின்று ஆன் செய்து, மெதுவாக ஹெட்டுக்குக் கொண்டுபோய், ஆட்டி, அதைவிட மெதுவாக மூன்றடி பின்னால் இழுத்து, பிறகுதான் ஆஃப். ஹெட்டின் பக்கத்திலேயே ஆஃப் செய்தால் நீங்களே காந்தமேற்றியதாகிவிடும்.

பதிந்த இடத்தில் மட்டும் சீறல் பெரிதாக ஏறுகிறது என்று மேலே சொன்ன சோதனை காட்டினால், இரண்டு வாய்ப்புகள். நல்ல ரெக்கார்டர்கள் பழையதை அழிப்பதற்கும், புதியதைச் சுத்தமாகப் பதிவதற்கும் காதுக்கு எட்டாத, நொடிக்குப் பல்லாயிரம் அதிர்வுள்ள ஒரு மின் அலையைக் கலக்கும்; அதன் பெயர் பயஸ். அந்தப் பகுதியில் ஒரு கண்டென்சர் கசியத் தொடங்கி நேர் மின்சாரம் ஹெட்டுக்குள் போனால் சீறலும் கரகரப்பும் சேர்ந்து பதியும். இது மெக்கானிக் வேலை. இன்னொன்று, மிக மலிவான ரெக்கார்டர்களில் பழையதை அழிக்க ஒரு சின்ன நிலைக்காந்தத்தை வைத்திருப்பார்கள். அது அழிக்கும், ஆனால் சீறலை விட்டுவிட்டுப் போகும். அது கோளாறே இல்லை, அந்த ரெக்கார்டரின் அமைப்பே அப்படி.

புதுப் பாட்டுக்கு அடியில் பழைய பாட்டு மெல்லக் கேட்டால் அழிக்கும் ஹெட்டில் அழுக்கு. துடையுங்கள்.

விசிலும் மோட்டார் சத்தமும்

இலங்கை வானொலியை மத்திய அலையில் (ஏஎம்) பிடித்துப் பதிந்த கேசட்டுகளில் பாட்டோடு ஒரு மெல்லிய விசில் இழைந்து வருவதைக் கேட்டிருப்பீர்கள். பயஸ் அலையின் மடங்கு ஒன்று வானொலி நிலையத்தின் அலைவரிசைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விசிலாகக் கேட்கும். அதற்காகவே பல டூ-இன்-ஒன்களின் முதுகில் "பீட்" என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எதற்கென்று தெரியாமல் பலரும் அதைத் தொடுவதே இல்லை. ஏஎம் வானொலியிலிருந்து பதியும்போது விசில் வந்தால் அதை அடுத்த நிலைக்குத் தள்ளுங்கள். பயஸ் அதிர்வு சற்று நகர்ந்து விசில் மறையும். கேட்கும்போது இதனால் பயன் இல்லை, பதியும்போது மட்டும்தான்.

உள் மைக்கில் பதிந்தால் "விர்ர்" என்று மோட்டார் ஓடும் சத்தமும் சேர்ந்தே பதியும். மைக்கும் மோட்டாரும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தால் வேறென்ன நடக்கும்? இதோடு தானாக லெவல் சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று வேறு. பேச்சு ஓய்ந்ததும் அது "சத்தம் போதவில்லை" என்று நினைத்துப் பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போகும். பாட்டி ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார். அந்த இடைவெளியில் ஃபேனும் தெரு நாயும் ஏற்காடு என்றால் சில்வண்டும் எழுந்து வந்து நிற்கும். பாட்டி மறுபடி வாய் திறந்ததும் அவை அமுங்கும். இது பழுது அல்ல. இரண்டு மூன்றடி ஒயருள்ள வெளி மைக்கை வாயருகே வைத்தால் இரண்டு தொல்லையும் ஒருசேரக் குறையும்.

ஸ்பீக்கரில் வராமல் ரெக்கார்டரின் உடம்பிலிருந்தே வரும் "கீச் கீச்" முழுக்க இயந்திரச் சத்தம். வால்யூமைக் குறைத்துவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். இறுகிப்போன ரப்பர் உருளை, எண்ணெய் வற்றிய அச்சு, தார் போல இளகிய பெல்ட். அச்சுக்கு ஊசி முனையில் நிற்கும் ஒரு துளி எண்ணெய். பெல்ட் மேல் ஒரு துளியும் படக்கூடாது. மோட்டார் சத்தம் ஸ்பீக்கரிலும் வந்து, கேசட்டை நிறுத்தியதும் நின்றால், மோட்டாரின் உலோக உறை எர்த்தோடு சரியாகச் சேராததாகவோ அதன் சின்னக் கண்டென்சர் போனதாகவோ இருக்கும்.

கேசட்டே குற்றவாளி என்றால்

ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. மலையில் இருந்த கேசட்டுகளில் இது சகஜம். அதை நல்ல ரெக்கார்டரில் போட்டால் அழுக்கு ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் சில நாள் மூடி உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பழைய உதவாக்கரை ரெக்கார்டர் ஒன்றில் முன்னும் பின்னும் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஹெட்டைத் துடையுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு கழன்றிருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் இது அரை மணி நேர வேலை.

பாட்டு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே அதே பாட்டு பேய்க்குரல் போலச் சன்னமாகக் கேட்கும் கேசட்டுகளும் உண்டு. சுற்றியிருக்கும் ஒரு அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் பதிந்துவிடுவதால் வருவது இது. மெல்லிய நாடாவுள்ள, 120 நிமிடம் ஓடும் சி-120 போன்ற கேசட்டுகளில் அதிகம். வெயில் பட்ட காரில் கிடந்தால் இன்னும் அதிகம். கேட்பதற்கு முன் முழுதாக ஒன்றிரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டினால் கொஞ்சம் குறையும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டி வந்தால், "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வால்யூம் குறைத்தால் நிற்கிறதா, கேசட் இல்லாமலும் வருகிறதா, பேட்டரியில் வருகிறதா, இடது வலது இரண்டு பக்கமுமா ஒரு பக்கமா என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரெக்கார்டரோடு கொடுத்துவிடுங்கள். பாதி நேரமும் தேவையில்லாத ஐசி மாற்றமும் மிச்சம். கணினிக்கு மாற்றும்போது, வந்தது வந்தபடி ஒரு பதிவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அதன் நகலில் மட்டும் ஓட்டுங்கள். சீறலோடு சேர்த்து நாதஸ்வரத்தின் மூச்சையும் அது வடித்துவிட்டால், திரும்பப் போவதற்கு அந்தப் பதிவு வேண்டும்.